பூட்டிய அலமாரியில் என் மனைவியின் முட்டி

ரொம்ப வருஷம் கழித்துப் பாலாற்றில் தண்ணீர் வந்து, ஊரே ஓரிக்கைப் பக்கம் போய் வேடிக்கை பார்த்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கூட்டத்தில் என் புதுச் செருப்பில் ஒன்று ஆற்றோடு போய்விட்டது. மிச்சமிருந்ததைக் கையில் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். இது அதற்கு அடுத்த தை மாதம் நடந்தது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் சின்ன மகள் எழுதுகிறாள். விஷயமே அவளுடைய கூறைப்புடவையைப் பற்றியதுதான்.

நாங்கள் நெசவுக்காரர்கள். எங்கள் வீட்டில் கல்யாணப் பெண்ணின் கூறைப்புடவையை அம்மா கையால்தான் நெய்ய வேண்டும். பெரியவளுக்கு அப்படித்தான் நெய்தாள் என் மனைவி. சின்னவளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று முடிவானபோது, என் மனைவியால் தறிக்குழியில் காலை இறக்கவே முடியவில்லை. முட்டி அப்படி வீங்கிக் கிடந்தது. தறியை விட்டுவிடச் சொல்லிவிட்டார் டாக்டர்.

"கூறைய கடையில வாங்கிக்கினு வந்தே, என் கண்ணுல முழிக்காத" என்றாள் என்னிடம். டாக்டர் சொன்னதற்கு நான் என்ன செய்வேன்?

அப்போதுதான் ஒரு பெண் ஞாபகத்துக்கு வந்தாள். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு ஆராய்ச்சி செய்ய வந்த மாணவி. தறியில் உட்காரும் பெண்களின் முட்டியை டேப் வைத்து அளந்தாள், படம் வரைந்தாள். தறியை எப்படி மாற்றினால் வலி குறையும் என்று கண்டுபிடிக்கப் போவதாகச் சொன்னாள். என் மனைவி அவளுக்கு மோர் கொடுத்தே பாதித் தயிரைத் தீர்த்தாள். பிறகு அந்தப் பெண் வேலை கிடைத்து வடக்கே போய்விட்டாள்.

அவள் என்ன கண்டுபிடித்தாள் என்று கேட்க, அவள் படித்த கல்லூரிக்குப் போனேன். அங்கே இருந்த நூலகர் அம்மா என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கண்ணாடி அலமாரியில் ஒரு தடித்த புத்தகத்தைக் காட்டினார்.

"இதாங்க ஐயா அந்தப் பொண்ணு எழுதினது. ஆனா வெளியாளுங்களுக்குக் காட்டக் கூடாதுன்னு இங்க ரூல் இருக்குது."

"சாவி உங்க கையில தானேமா இருக்குது?"

"யாருக்கும் தெரியாம உங்களுக்கு மட்டும் தொறந்து காட்டிடலாம். நாளைக்கு மாகறல்ல இருந்து ஒருத்தர் வந்து நிப்பாரு, அவருக்கு? எல்லாருக்கும் தொறக்கணும்னுதான் நான் சண்டை போட்டுக்கினு இருக்கேன். வெள்ளிக்கிழமை மீட்டிங். வீட்டம்மாவ கூட்டிக்கினு வாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்க, இவர் என்ன மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். என் மனைவிதான் போயே ஆக வேண்டும் என்றாள்.

மீட்டிங்கில் கல்லூரி முதல்வரும் பேராசிரியர்களும் இருந்தார்கள். எல்லா ஆராய்ச்சியையும் கம்ப்யூட்டரில் போட்டு, யார் வேண்டுமானாலும் சும்மா படிக்க விட வேண்டும், ஊர்க்காரர்கள் நூலகத்துக்குள் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார் நூலகர்.

"வருஷக்கணக்கா கஷ்டப்பட்டு எழுதறோம். தொறந்து போட்டா எவனாவது எடுத்து தன் பேரப் போட்டுக்குவாம்மா" என்றார் ஒரு பேராசிரியர்.

"பூட்டி வெச்சா, நீங்க எழுதினதுன்னே யாருக்கும் தெரியாது சார். எல்லாரும் பாத்த பொருளத் திருடினாதான் மாட்டுவான்" என்றார் நூலகர்.

பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. திடீரென்று என் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஐயா, அந்த அலமாரிக்குள்ள இருக்கறது என் முட்டிங்க. என் முட்டியப் பத்தி இன்னா எழுதியிருக்குதுன்னு நான் பாக்கக் கூடாதா?"

 முதல்வர் சிரித்துவிட்டார். "தொறங்கம்மா அலமாரிய" என்றார்.

நூலகர் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினார். உட்காரும் பலகையை எவ்வளவு உயர்த்த வேண்டும், மிதிக்கும் கட்டையை எங்கே தள்ளிப் போட வேண்டும் என்று படத்தோடு இருந்தது. என் மனைவி படத்தைத்தான் பார்த்தாள். "என் கால இவ்ளோ குண்டாவா வரைஞ்சா? குடிச்ச மோருக்காவது ஒரு நன்றி வேணாம்?" என்றாள்.

ஆசாரியை வைத்துத் தறியை மாற்றினோம். வலி முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் குழியில் கால் இறங்கியது. அவள் நெய்தாள், கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே புடவை தறியிலிருந்து இறங்கிவிட்டது. எங்கள் தெருவில் வேறு சில வீடுகளிலும் பலகை உயர்ந்தது.

தங்கள் ஆராய்ச்சியைத் திறந்து வைக்கப் பேராசிரியர்கள் எல்லோரும் மீட்டிங் அன்றைக்கே சம்மதித்துவிடவில்லை. ஒவ்வொருவராகத்தான் வந்தார்கள். வடக்கே இருந்த அந்தப் பெண்தான் முதலில் சரி என்றாளாம். இப்போது அந்த அலமாரியில் பூட்டே கிடையாது என்று நூலகர் சொன்னார்.

இதை எழுதுகிறவளின் பீரோவில் அந்தப் புடவை இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு எனக்கு மட்டும் திருட்டுத்தனமாகத் திறந்து காட்டாத அந்த நூலகர் அம்மாவைக் கும்பிடத் தோன்றுகிறது. நீங்களும் நாலு பேரிடம் சொல்லுங்கள்: யாராவது வந்து அவர்களை அளந்து எழுதிக்கொண்டு போனால், அதை எங்கே வைப்பீர்கள், நாங்கள் வந்து பார்க்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.