கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு

மதியம் மூன்று மணிக்கு மேல் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடாது. ஏழாவது மாடி. ஒரு பக்கம் பாயான் பாரு அடுக்குமாடிகளில் காயும் துணிகள், மறுபக்கம் தொழிற்சாலைக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் பாலம், பாலத்துக்குக் கீழே கடல் என்று ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு சாம்பல் நிறம். நான் திரையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டு அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்ப்பேன். கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண இந்த வேலையில்தான் கற்றுக்கொண்டேன்.

என்ன வேலை என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். இங்கே பினாங்கில் வளரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று பார்க்கும் ஓர் ஆய்வுக் குழுவில் இருக்கிறேன். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதில்லை. மருத்துவமனைப் பதிவு, பள்ளிச் சிறப்பு வகுப்புப் பதிவு, எல்லோரும் ஓகேயு கார்டு என்று சொல்லும் மாற்றுத்திறனாளி அட்டையின் பதிவு என்று ஏற்கெனவே இருப்பவற்றை ஒன்றோடொன்று இணைத்து, ஒரே பிள்ளையை இரண்டு தடவை எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் கைக்கு வரும்போது பெயர் இருக்காது. ஒரு நீளமான குறியீடு, பிறந்த ஆண்டு, ஆணா பெண்ணா, இனம், குடியிருக்கும் பகுதி. அவ்வளவுதான்.

பெயரில்லாத பிள்ளைகளோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் மனம் சும்மா இருக்குமா? ஒவ்வொரு வரிக்கும் நானே ஒரு பிள்ளையை வைத்துக்கொள்வேன். இவன் சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிளை வெட்டும்வரை அழுகையை நிறுத்தாதவன். இவள் மழை விட்டதும் ஓடிப்போய் வாசல் கேட்டின் கம்பியில் தொங்கும் துளிகளை விரலால் சேர்த்துவிடுகிறவள். வரிகள் மேலே நகர நகர பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து சத்தமில்லாமல் ஜன்னல் வழியாகக் கடல் பக்கம் போவார்கள். குழுத் தலைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வா என்பார்.

வரிகளில் பையன்கள்தான் அதிகம். பெண்பிள்ளை பேசாமல் இருந்தால் வெட்கம் என்கிறோம், தனியாக இருந்தால் அடக்கம் என்று மெச்சுகிறோம். பதிவேட்டுக்கு மருத்துவமனை வாசல் வழியாக வந்தவர்களைத்தான் தெரியும். வராதவர்களில் ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். என் அக்கா மகள்.

அவர்கள் வீடு அக்கரையில், பாகான் டாலாமில். அப்போது அவளுக்குப் பதினாறு வயது, பள்ளியில் நான்காம் படிவம். சனிக்கிழமைகளில் நான் அவளை ஃபெரியில் ஏற்றி பினாங்குத் தீவுக்குக் கூட்டிவந்து, இறங்காமல் அதே ஃபெரியில் திரும்ப ஏற்றிப் போனால் போதும், அவளுக்கு அதுதான் ஊர் சுற்றுவது. வழி நெடுக ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஃபெரி துறையை நெருங்கி மெல்ல இடித்து நிற்கும் அந்த நொடியில் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பாள். எத்தனை தடவை இடித்தாலும் அதே சிரிப்பு. பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்புக்காகவே ஒரு வாரம் ஓடும்.

அந்த ஆண்டுத் தேர்வில் அவள் மண்டபத்தை விட்டு எழுந்து ஓடிவிட்டாள். மேலே சுற்றிய மின்விசிறிகள் எல்லாம் சேர்ந்து அவள் காதுக்குள் பேசினவாம். பள்ளி ஆலோசகர் அக்காவைக் கூப்பிட்டு நல்லபடியாகத்தான் சொன்னார். பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தனி அறையும் கூடுதல் நேரமும் கிடைக்கும், இல்லையென்றால் அடுத்த ஆண்டு எஸ்பிஎம் அரசுத் தேர்வு எழுதுவது கஷ்டம் என்றார். அக்கா சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, எங்கேயும் அழைத்துப் போகவில்லை. மாமா, அதாவது அக்காவின் கணவர், துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர். அக்கா சொல்வதற்கும் ஆமாம் போடுவார், நான் சொல்வதற்கும் ஆமாம் போடுவார். அவரை வைத்து ஒன்றும் ஆகாது.

அக்காவுக்கு புக்கிட் தெங்காவில் மின்னணுத் தொழிற்சாலை வேலை. லைனில் வரும் போர்டுகளை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்து, சரியில்லாதவற்றில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். நான் மருத்துவமனைப் பேச்சை எடுத்தபோதெல்லாம் அவளிடம் இருந்தது ஒரே பதில்தான். "சிவப்பு ஒட்டினது திரும்ப லைனுக்கு வராது, தங்கச்சி. நாந்தானே ஒட்டுறேன், எனக்குத் தெரியாதா?" அந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல மழை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். எங்கள் அறிக்கை வெளியாகியிருந்தது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அட்டவணையில் ஏதும் பிழை இருக்கிறதா என்று சோம்பலாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மகள் தரையில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள். தேநீரோடு வந்த அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, தங்கள் பகுதி வரிசையில் ஒரு கட்டத்தைக் காட்டி, அந்தச் சின்னக் கோடு என்ன என்று கேட்டாள்.

ஐந்துக்குக் குறைவாக இருந்தால் எண்ணைப் போடமாட்டோம் என்றேன். போட்டால் அக்கம்பக்கத்தார் இன்னார் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடலாம் அல்லவா, அதனால் ஒரு கோடு. யாருமே இல்லையென்றால் பூஜ்யம். கோடு என்றால் ஆள் இருக்கிறார்கள், ஆனால் கொஞ்சம் பேர்தான். இதைச் சொல்லிக்கொண்டே நான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தேநீரை மேசையில் வைத்தாள்.

"நீ போட்டுட்டியா?"

எனக்குப் புரியவில்லை.

"எம்பிள்ளைய இதுக்குள்ள போட்டுட்டியான்னு கேக்குறேன். பொண்ணு, இந்தியன், பதினஞ்சுக்கு மேல, எங்க ஏரியா. வேற யாரு இருக்கா இங்க?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சொந்த அக்கா பிள்ளையை அவளுக்குத் தெரியாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆளா நான்? மருத்துவர் எழுதாமல் எந்தப் பிள்ளையும் அதற்குள் போக முடியாது, நான் நினைத்தாலும் சேர்க்க முடியாது என்று கத்தினேன். உன் மகள் அதில் இல்லை, நீதான் அவளைக் கூட்டிப்போகவே இல்லையே, எப்படி இருப்பாள் என்றும் கேட்டேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் சொல்லிவிட்டேன்.

கூரைத் தகரத்தில் மழை சத்தம். அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கோபம் வடிந்து, அவள் முகத்தில் வேறு என்னவோ வந்திருந்தது.

"அப்ப இது யாரோட பிள்ள?"

எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது என்றேன். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாறு வருசமா பாசார்ல, கோயில்ல, எல்லாரு பிள்ளையையும் பாத்துக்கிட்டுதான் வர்றேன். நம்ம பிள்ள மாதிரி ஒண்ணைக்கூட பாத்ததில்ல லா."

திருவிழாவென்றால் உறுமி மேளம் முழங்கும்போது இவர்கள் கோயிலுக்குப் போகமாட்டார்கள். மகள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். கூட்டமெல்லாம் கலைந்து, வாழை இலைகளைக் கூட்டித் தள்ளும் நேரத்தில் போய் நின்று கும்பிட்டுவிட்டு வருவார்கள். பாசாருக்கும் அப்படித்தான், கடைகளைக் கட்டும் நேரம். அந்த இன்னொரு தாயும் இப்படியே ஆளில்லாத நேரம் பார்த்துப் போய்வருகிறவளாக இருந்தால், இருவரும் எங்கே சந்திப்பது? அதை நினைத்தபோது அக்கா மேலிருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்போதுதான் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"சித்தி, அந்தக் கோட்டுக்குள்ள எத்தன பேரு இருக்கலாம்?"

"ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும்."

ஒரு துண்டை மடித்து முடிக்கும்வரை யோசித்தாள். "நாலு பேரு இருந்தா, நான் போனதும் நம்பரா மாறிடும். அதுக்குக் கொறைவா இருந்தா நான் போனாலும் கோடுதான். யாருக்கும் தெரியாது." பிறகு, அடுத்த துணியை எடுத்துக்கொண்டு, "நான் போறேன்மா. எனக்குப் பரீட்ச எழுதணும்" என்றாள்.

அக்கா அவளைப் பார்த்தாள். ஆறிப்போன தேநீரை எடுத்து அவளே குடித்தாள். அடுத்த வாரம் தொழிற்சாலையில் ஒரு நாள் லீவு போட்டாள்.

மருத்துவமனையில் நாள் கிடைத்ததும் மூவருமாக ஃபெரியில் வந்தோம். அக்கா கையில் ஒரு பை. உள்ளே எங்களுக்கான சாப்பாடு போக, தனியாக ஒரு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். சும்மா இருக்கட்டும் என்றாள். அது அந்த இன்னொரு தாய்க்கு என்று காத்திருப்பு மண்டபத்தில்தான் எனக்கு விளங்கியது. பக்கத்தில் வந்து உட்காரும் ஒவ்வொரு தாயிடமும், மலாய்க்காரரோ சீனரோ நம்மவரோ, வீடு எங்கே என்று மலாயில் விசாரித்தாள். பாலிக் புலாவ் என்றாள் ஒருத்தி, ஜெலுத்தோங் என்றாள் இன்னொருத்தி. ஒருத்தி சுங்கை பட்டாணியிலிருந்து விடிகாலையில் கிளம்பி வந்திருந்தாள். எங்கள் பக்கத்தார் யாரும் இல்லை. ஆனாலும் அக்கா அத்தனை பேரோடும் பேசினாள். அவள் அந்நியர்களோடு அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது பொட்டலம் பிரிக்கப்படாமலே இருந்தது. கடல் அசையாமல் கிடந்தது. அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரிடமோ கேட்பதுபோல் கேட்டாள்.

"அந்த அம்மாவும் தனக்கு மட்டுந்தான்னு நெனச்சிக்கிட்டிருப்பா இல்ல? நாங்களும் இருக்கோம்னு அவகிட்ட சொல்ல முடியாதா?"

முடியாது என்றேன். என் வேலையில் நான் சொன்னதிலேயே மிகவும் வருத்தத்தோடு சொன்ன வார்த்தை அதுதான். ஃபெரி துறையில் இடித்து நின்றது. அக்கா மகள் சிரித்தாள்.

அதற்குப் பிறகு பல தடவை போக வேண்டியிருந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அட்டையும் வந்தது. அடுத்த ஆண்டு அவள் மின்விசிறியை நிறுத்திவைத்த ஒரு சின்ன அறையில், வியர்க்க வியர்க்க, எல்லாத் தாள்களையும் எழுதி முடித்தாள். திரும்ப லைனுக்கு வராது என்ற பேச்சை அக்கா அதன்பின் எடுக்கவில்லை.

புதிய அட்டவணை வந்த அன்று, மூன்று மணிக்கு மேல், நான் முதலில் திறந்தது அந்தக் கட்டத்தைத்தான். கோடு அப்படியே இருந்தது. அக்காவுக்கு போன் போட்டு, இன்னும் கோடாகத்தான் இருக்கிறது என்றேன். பின்னால் தாளிக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப இப்ப ரெண்டு பேராச்சும் இருப்பாங்க" என்றாள். பிறகு, "புதன்கிழம ஆஸ்பத்திரி இருக்கு. வெள்ளன வந்துரு. நான் கூடுதலா ஒரு பொட்டலம் கட்டிருவேன்" என்றாள்.