கப்பலுக்கு வாங்கிய சவுரி

நான் செய்யும் சின்ன மரக்கப்பலின் பாய்மரங்களுக்குக் கயிறு கட்ட, இன்று காலை உத்திரமேரூர் வளையல் கடையில் சவுரி வாங்கினேன். அவ்வளவு மெல்லிய கருப்பு இழை வேறெதிலும் கிடைக்காது.

கடைக்காரம்மா மெதுவாகக் கேட்டாள். "வூட்ல முடி கொட்டிப்போச்சா?"

"இல்லம்மா, கப்பலுக்கு."

"வெக்கப்படாத நைனா. யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

வழியில் சைக்கிள் பஞ்சர். ஒட்டிக்கொண்டு மதியம் வீடு சேர்ந்தால், தெருப் பெண்கள் கரிசலாங்கண்ணியோடு வந்து என் மனைவிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கோ இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல்.

சாயங்காலம் நான் கயிறெல்லாம் கட்டி முடித்ததும் அவள் கப்பலை உற்றுப் பார்த்தாள்.

"சவுரி வெச்சாச்சு. பூ யாரு வெக்கிறது?"

என்னைப் போல் மரக்கப்பல் செய்யும் நண்பர்களே, உங்கள் கப்பலுக்குக் கயிறு எங்கே வாங்குகிறீர்கள்? கல்யாணமானவர்கள் மட்டும் தபால் கார்டு போடுங்கள்.