முத்தம்மாள் போட்ட ஓட்டை

பூந்தமல்லியில் சோடாக் கடை வைத்திருந்த துலுக்கானத்துக்குக் காசைச் செலவழிப்பதைவிட உற்றுப் பார்ப்பதில்தான் ஆசை. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். நடுவில் ஓட்டை போட்ட காலணா புதிதாக வந்திருந்தது. யாராவது விசித்திரக் காசு கொண்டுவந்தால் போதும், கடையை மறந்துவிடுவான். களிம்பு தின்ற காசு சொறிசொறியாகப் பள்ளம் விழுந்திருக்கும். நசுக்கிய காசில் எழுத்தும் சேர்ந்து நசுங்கியிருக்கும். காசடிக்கிற இடத்திலேயே நேர்ந்த தப்பு வேறு மாதிரி. அது காசோடு கூடப் பிறந்தது என்பான்.

ஒருநாள் சில்லறையில் ஓட்டையே இல்லாத புதுக் காலணா வந்தது. யாராவது ஓட்டையை அடைத்திருந்தால் சுற்றிலும் கோடு தெரியும். தெரியவில்லை. ஓரமும் நடுவும் ஒரே செம்பு. ஆவடி பட்டாளக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த நாகேந்திரன், நிஜமான பிழைக் காசு கொடுத்தால் தன் பழைய சைக்கிளைத் தருவதாகச் சொல்லியிருந்தார். பாரிவாக்கம்வரை புட்டிகளைத் தலையில் சுமப்பவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் காலையில் பார்த்தால், மாடத்தில் வைத்திருந்த காசைக் காணோம். மனைவி முத்தம்மாள் முந்தானையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"கற்பூரம் வாங்கப் போனேன். ஓட்டை இல்ல, செல்லாதுன்னாரு செட்டியாரு. ஆணிய வெச்சி ஒண்ணு போட்டேன். அப்பவும் வாங்கல, கோணலா கீதாம்."

துலுக்கானம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பாத்திரத்துக்கு ஈயம் பூசும் பக்கத்துக் கடை நஜீர் ஆறுதல் சொல்ல வந்தான்.

"இன்னா மச்சான், ஒரு சொட்டு ஈயம் வுட்டு மேல செம்பு நெறம் ஏத்திட்டா, எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

சைக்கிள் கண்ணுக்குள்ளேயே ஓடியது. ஆனாலும் காசை அப்படியே ஆவடிக்குக் கொண்டுபோனான். ஆணி இறங்கிய பக்கம் குழி, மறுபக்கம் பிதுங்கிய பிசிறு. காசடிக்கிற இடத்து ஓட்டையென்றால் ஓரம் வழவழவென்று இருக்கும் என்று அவனே காட்டினான். நடந்ததைக் கேட்டு நாகேந்திரன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சைக்கிளைத் தரவில்லை.

மறுநாள் பாரிவாக்கத்துக்குக் கிளம்பியபோது முத்தம்மாள் பாதிப் புட்டிகளைத் தன் கூடைக்கு மாற்றிக்கொண்டாள்.

"சைக்கிளுக்கு பதிலா நான் கீறேன், நடய்யா."

"சைக்கிள் வாயாடாது" என்றான் துலுக்கானம்.

அவள் பேசிக்கொண்டே முன்னால் நடந்தாள்.