பிரிக்காத பொட்டலம்

கரட்டுச் சாமியாரைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான். அவனுக்கு நிஜமாகவே சக்தி இருந்ததா? இருந்தது. கொதிக்கக் கொதிக்கக் களியை உருட்டி விழுங்குகிற சக்தி. வேறெதையும் நான் பார்க்கவில்லை. கொலைக் கேசில் உள்ளே போனவனைப் பற்றி இன்னும் இப்படிக் கேட்கிறார்களே என்று எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் மோர் கொடுத்து உட்கார வைத்துச் சொல்லத்தான் செய்கிறேன்.

அவன் எங்கள் ஊர்ப் பையன். சங்ககிரிக்குத் தெற்கே கடலையும் சோளமும் விளைகிற மேட்டுக்காட்டு ஊர் எங்களுடையது. ஊருக்கு மேற்கே பாறையும் கள்ளியுமாக ஒரு சின்னக் குன்று. அதைக் கரடு என்போம். அவனுக்கு நினைவு தெரியும் முன்பே அவன் தாய் கிணற்றில் செத்தாள். விழுந்தாளா, தள்ளிவிடப்பட்டாளா என்று யாரும் கேட்கவில்லை. அவள் புருஷன் கள் குடித்தால் எதிரே நிற்பது ஆளா மாடா என்று பார்க்காமல் அடிப்பவன். அவனிடம் போய் யார் கேட்பது? அவனும் ஒருநாள் பவானிப் பக்கம் கூலிக்குப் போகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. பிறகு பையனை ஊரே வளர்த்தது. ஊரே வளர்த்தது என்றால், ஒருவரும் வளர்க்கவில்லை என்று அர்த்தம். முறை வைத்து வீட்டுக்கு ஒரு நாள் சோறு, மாட்டுக் கொட்டகையில் படுக்கை. எங்கள் வீட்டு முறை வரும்போது அவனுக்குக் களி போட்டவள் என் அக்கா. அவளுக்கும் அவனுக்கும் ஒரே வயது. நான் அப்போது பிறக்கவே இல்லை. இதையெல்லாம் பின்னால் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டவும், பெண் கொடுக்கவும், மாடு விற்கவும் மாரியம்மனைக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். கேட்பதற்கு ஒரு முறை உண்டு. வெள்ளரளிப் பூவை ஒரு பூவரச இலையிலும் செவ்வரளியை இன்னொன்றிலும் வைத்து மடித்து, வாழைநாரால் கட்டி, இரண்டையும் குலுக்கி அம்மன் முன்னால் போடுவார்கள். ஒரு சின்னப்பிள்ளை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள், சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். மற்ற பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்த்தால் அம்மனையே சந்தேகப்பட்டதாகிவிடும்.

பொட்டலம் எடுக்க எங்கள் ஊரில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, யார் பக்கமும் சாயமாட்டான் என்று பெரியவர்கள் காரணம் சொன்னார்கள். கேட்க வந்தவர் மனசுப்படி பூ வந்தால் ஒரு துண்டு வெல்லம். வராவிட்டால் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. அம்மன் சொன்னதற்குப் பிள்ளை தலையில் குட்டு! இரண்டு மூன்று வருஷத்தில் அவன் குட்டு வாங்குவதே நின்றுபோனது. கட்டுகிறவர் கை எந்தப் பொட்டலத்தை மெதுவாகப் போடுகிறது, கேட்கிறவர் கண் எங்கே போகிறது என்றெல்லாம் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். கைராசிக்காரப் பையன் என்று ஊர் மெச்சிக்கொண்டது.

அக்காவுக்கு ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு வயது கூடுதல், நோஞ்சான் உடம்பு. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் அய்யனுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அந்தச் சம்பந்தத்தை விட மனசில்லை. பூக்கட்டிப் பார்த்தார்கள். பையன் அய்யன் முகத்தைப் பார்த்தான், வெள்ளையை எடுத்தான். அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. இரண்டாம் வருஷம் வாந்திபேதியில் மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தார். அக்கா வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தாள்.

பழி யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கைராசி கெட்ட பயல் என்று அய்யன் அவனைக் களத்து வேம்பில் கட்டி வைத்து அடித்தார். மறுநாள் கோயிலில் அம்மன் முகத்தில் பதித்திருந்த வெள்ளிக் கண்மலர் இரண்டையும் காணவில்லை. மறுபடி பிடித்துக் கட்டினார்கள். மாட்டுக்கு நோவு வந்தால் போடுகிற சூட்டுக்கோலைக் காய்ச்சி அய்யனே அவன் முன்கையில் வைத்தார். கண்மலர் எங்கே என்று அவன் சொல்லவே இல்லை. கட்டவிழ்த்துவிட்ட அன்றே ஊரைவிட்டு ஓடிப்போனான்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, சடையும் திருநீறுமாகக் கரட்டின்மேல் ஒருவன் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு கல். கல்லில் அதே வெள்ளிக் கண்மலர். எங்கள் ஊர்க்காரர்கள் போய்ப் பார்த்தார்கள், அடையாளம் கண்டார்கள். உலகத்தில் வேறு எந்த ஊராக இருந்தாலும், திருடன் திருட்டுச் சொத்தோடு அகப்பட்டான் என்று சந்தோஷப்பட்டிருக்கும். எங்கள் ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஊர் செய்த பாவத்துக்கு அம்மன் அந்தப் பிள்ளையோடு வெளியேறிப் போயிருந்தாள், இப்போது அவனோடு திரும்பி வந்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். முதலில் காலில் விழுந்தவர் எங்கள் அய்யன். பயம்தான், வேறென்ன?

அதற்குப் பிறகு கரட்டில் கொட்டகை எழும்பியது, அதற்கு மடம் என்று பெயரும் வந்தது. நாமக்கல்லிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாவற்றுக்கும் பூக்கட்டுதான். அவன் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவான். மடத்தோடு தங்க வருகிறவர்களுக்கு மட்டும் முன்கையில் சூடு. தன் கையில் எந்த இடத்தில் இருந்ததோ, அதே இடத்தில். அதற்குத் தீட்சை என்று பெயர்.

"தாலியறுத்த பொண்ணு ஊட்ல இருந்து என்ன பண்ணப்போவுது, அம்மனுக்கு ஊழியம் பண்ணட்டும்" என்று அய்யன் அக்காவுக்காகப் போய்க் கேட்டார். வெள்ளை வந்தது. அக்கா ஒரு பித்தளைச் சொம்போடு கரடு ஏறினாள். அங்கே அவளுக்குப் பொட்டலம் கட்டுகிற வேலை கொடுத்தார்கள்.

அம்மா ஒரு வருஷம் பொறுத்தாள். ஒருநாள் சந்தையில் அக்காவைப் பார்த்துவிட்டாள். கையில் சூட்டுத் தழும்பு. வீட்டுக்கு வந்து அய்யனோடு பேசவே இல்லை. மறுநாள் காலையில் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கரட்டுக்குப் போனாள். எனக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். வெயில் ஏறியிருந்தது, கூட்டமும் இருந்தது.

"ஏனுங்க சாமி, என்ற மவளை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றாள் அம்மா.

"உங்க ஊட்டுக் களியத் தின்னவனுங்க நானு. நானா மறிக்கப் போறேன்? அம்மனைக் கேட்டுப்போடலாமுங்க" என்றான் அவன்.

உள்ளேயிருந்து தட்டில் இரண்டு பொட்டலம் வந்தது. ஒரு குழந்தை ஒன்றை எடுத்தது. பிரித்தான். சிவப்பு. கூட்டம் உச்சுக் கொட்டியது. அக்கா கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மா நகரவில்லை. குனிந்து மற்ற பொட்டலத்தை எடுத்தாள்.

"ஐயோ, பிரிக்கப்படாதுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

அம்மா பிரித்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதிலும் செவ்வரளிதான். அம்மா பூவைப் பார்க்கவில்லை, நாரைப் பார்த்தாள். அம்மாவுக்கு இடக்கைப் பழக்கம். நாரை வலமிருந்து இடமாக இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை இலைக்கடியில் செருகுவாள். அவளிடம் கற்றுக்கொண்டதால் அக்காவும் அப்படியேதான் கட்டுவாள். ஊரில் வேறு யாரும் அப்படிக் கட்ட மாட்டார்கள். அம்மா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள்.

அம்மா பூவை மூடி மடியில் செருகிக்கொண்டாள்.

"என்னங்க இருந்துச்சு?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"வெள்ளைதானுங்க. அம்மன் சொன்னது சரிதானுங்க" என்றாள் அம்மா.

வழியெல்லாம் நான் நச்சரித்தேன். "சிவப்புத்தானே இருந்துச்சு? ஏன் பொய் சொன்னே?" அம்மா நடையை எட்டிப் போட்டாள். ஊர் எல்லையில் கிணறு வந்ததும் மடியிலிருந்த பூவை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். "உன்ற வேலையப் பாத்துட்டு வா அம்முணி" என்றாள். அவ்வளவுதான்.

அம்மா அன்றைக்கு உள்ளதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. சொல்லாததால் என்ன ஆயிற்று என்று மட்டும் தெரியும். அடுத்த மழைக்காலத்தில் திருச்செங்கோட்டுப் பக்கத்து நெசவாளி ஒருவன், காய்ச்சலில் கிடந்த பிள்ளையைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்க வந்தான். சிவப்பு வந்தது. அவன் பெண்டாட்டி அம்மன் பேச்சை மீறமாட்டேன் என்று பிள்ளையோடு கரட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை இறந்தது. நெசவாளி வெறி பிடித்தவனாகக் கொட்டகைக்குள் புகுந்து, அங்கிருந்த பொட்டலங்களை எல்லாம் ஜோடி ஜோடியாகப் பிரித்துப் போட்டு, "ரண்டும் ஒரே பூவுங்க! பாருங்க, ரண்டும் ஒரே பூவு!" என்று கூட்டத்துக்குக் காட்டினான். அவன் பிரித்ததால்தான் அம்மன் நிறத்தை மாற்றிவிட்டாள் என்று கூட்டம் சொன்னது. இரண்டு நாள் கழித்து அவன் கரட்டடிப் பாழுங்கிணற்றில் மிதந்தான். தலையில் அடி. இந்த முறை விழுந்தானா தள்ளப்பட்டானா என்று கேட்க போலீஸ் வந்தது.

சேலம் கோர்ட்டில் கேஸ் நடந்தது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியிருந்த சமயம். அய்யனும் சாட்சி சொல்லப் போனார். எப்படி இத்தனை பேரை மயக்கினாய் என்று வக்கீல் கேட்டதற்கு அவன் கைகட்டி நின்று சொன்னானாம்: "நான் யாரையும் கூப்புடலீங்க. அவங்கதான் கேக்க வந்தாங்க. அவங்களுக்கு எது வேணுமோ அதை எடுத்துக் குடுத்தனுங்க. சின்னதுல இருந்து எனக்கு அதுதானுங்க வேலை." அதை வந்து சொன்னபோது அய்யன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அன்றைக்குப் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. சாமியாருக்கு ஆயுள் தண்டனை. போலீஸ்காரர்கள் மடத்துப் பெண்களை விசாரித்துவிட்டு அவரவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்காவும் அதே பித்தளைச் சொம்போடு வந்தாள்.

அம்மா அக்காவிடம் எதையும் கேட்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள், சோறு போட்டாள். மூன்று வருஷம் அப்படியே போயிற்று. பிறகு அம்மா செத்துப்போனாள்.

அம்மா போன பிறகு ஒரு நாள் இரண்டு பேரும் களத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். நான் கேட்டுவிட்டேன். "அந்தப் புள்ளைக்கும் நீதான் கட்டினியாக்கா?"

"நாந்தான். அவன் ரண்டுலயும் செவப்பு வெய்யின்னான், வெச்சேன்" என்றாள். கை நிற்கவில்லை. உரித்துக்கொண்டே இருந்தாள். அவள் பூ இருக்கிற பக்கமே போவதில்லை, கோயில் வாசலையும் மிதிப்பதில்லை. அதற்குக் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

"அம்மா வந்தன்னிக்கு?"

இப்போது கை நின்றது. "அன்னிக்கு அவன் எதுமே சொல்லலே. நானாத்தான் வெச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடலைமுறத்தைத் தட்டிவிட்டேன். "ஏன்? அம்மா எவ்வளவு தூரம் நடந்து வந்தா!"

"வந்து?" என்றாள் அக்கா. "ஊட்டுக்கு வந்தா மறுக்காவும் என்னிய எங்க வெக்கறதுன்னு யாராச்சும் போய்ப் பூக்கட்டிப் பாப்பாங்க. எனக்குன்னு எத்தனை தடவை பாத்தாச்சு? ஒருக்காவாச்சும் எனக்கு நானே வெச்சுக் கட்டோணும்னு இருந்துச்சு. அம்மா பிரிச்சுப் பாப்பான்னு நெனைக்கல கண்ணு." சிதறின கடலையைப் பொறுக்க ஆரம்பித்தாள். "பாத்தும் வெள்ளைன்னு சொல்லுவான்னு நெனைக்கவே இல்லே." அப்போதுதான் அழுதாள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். எங்கள் அய்யன் பூனை இல்லை. நாமக்கல் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்ததும் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தார். மாப்பிள்ளையோடு அவர் வீட்டார் பத்துப்பேர் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தை குனியப் போனது.

அப்போது அக்கா உள்ளே வந்தாள். வெள்ளைச் சேலையோடு, நல்ல காரியம் பேசுகிற இடத்துக்கு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அய்யன், "ஏய், போ வெளியில" என்றார். அவள் கேட்கவில்லை. குழந்தையை நகர்த்திவிட்டு இரண்டு பொட்டலத்தையும் எடுத்தாள், இரண்டையும் பிரித்தாள். ஒரு கையில் வெள்ளை, ஒரு கையில் சிவப்பு. அம்மன் பக்கம் திரும்பவே இல்லை. நேராக என்னிடம் வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"உனக்கு எது வேணும் சாமி?" என்றாள்.

நான் மாப்பிள்ளை முகத்தை அதுவரை சரியாகப் பார்த்திருக்கவில்லை. தலையை நிமிர்த்தி ஒரு முறை பார்த்தேன். பிறகு சிவப்பை எடுத்துக்கொண்டேன்.