ஆறாவது ஆள்

பஸ் வருவதற்குள் அருள்நாயகம் இடது காலைத் தூக்கிவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, துள்ளல். பிறகு வலது கால். கையில் சாப்பாட்டுப் பை ஆடுகிறது. ஸ்டீல்ஸ் வீதித் தரிப்பிடத்தில் நிற்கும் சீனக் கிழவி ஒவ்வொரு துள்ளலுக்கும் ஓரடி தள்ளிப் போகிறாள். அவர் அதைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும், ரசிக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

மில்லிக்கனில் எனக்கு அடுத்த வீடு. நகர மையத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. அலுவலகம் இருக்கட்டும், பால் வாங்கப் போவதற்கும் டை கட்டுவார். தமிழ்க் கடையில் ஆங்கிலத்தில் விலை கேட்பார். கடைக்காரர் தமிழில் பதில் சொன்னால் முகம் சுருங்கும். "எங்கட ஆக்களிட்ட ஒரு ஒழுங்கு இல்லை" என்பதுதான் அவருடைய காலை வணக்கம். மகள் துவாரகா பரதநாட்டியம் பழகக் கேட்டபோது, "காலில சலங்கை கட்டிக்கொண்டு ஆடுறதோ? போய்க் கணக்கைச் செய்" என்று முடித்துவைத்தவர்.

இப்போது அவருடைய இரண்டு முழங்கால்களுக்குக் கீழேயும் மணிகள்.

மொறிஸ் என்பது இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய ஆட்டம். ஆறு பேர் காலில் மணி கட்டி, கந்தல் துணிகள் தொங்கும் கோட்டுப் போட்டு, தடியோடு தடி அடித்துத் துள்ளுவார்கள். குளிர்காலம் முழுவதும் ஒரு தேவாலயத்து பேஸ்மென்றில் பழகுவார்கள். மே முதலாம் தேதி சூரியன் கிளம்பும்போது பூங்காவில் ஆடுவார்கள். ஆடாவிட்டால் கோடை வராதாம். அருள்நாயகத்தின் மேலாளர் எட்வேட் இப்படி ஒரு குழுவுக்குத் தலைவர். போன இலையுதிர்காலத்தில் குழுவின் ஆறாவது ஆள் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போய்விட்டார். எட்வேட் மேசை மேசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. அருள்நாயகம் எழுந்து நின்று "யெஸ்" என்றார்.

"என்னைத்தான் கேட்டவன்" என்கிறார் இப்போது. "இஞ்ச பிறந்து வளந்தவங்கள் அத்தனை பேர் இருக்க, என்னைக் கேட்டவன்."

கோட்டை மனைவி யோகராணி தைத்துக் கொடுத்தார். பழைய சேலைகளைக் கீலம் கீலமாகக் கிழித்து, ஒரு நல்ல கறுப்புக் கோட்டின் மேல் தொங்கவிட வேண்டும். "கந்தல் எண்டா வீட்டு வாசலுக்கு வரப்படாது எண்டு சொல்லுற மனிசன், காசு குடுத்துக் கோட்டு வாங்கிக் கந்தலாக்கித் தாவெண்டு நிக்குது" என்றார் யோகராணி, ஊசியைப் பல்லில் கடித்தபடி. தைத்து முடிந்ததும் அருள்நாயகம் அதைச் சலவைக்குக் கொடுத்து, ஒவ்வொரு கீலமும் மடிப்புக் கலையாமல் மினுக்கி வாங்கி வந்தார்.

யோகராணியின் தம்பி இராஜரட்ணம் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். பேசத் தொடங்கினால் மண்டபத்து வாடகை நேரம் முடியும்வரை பேசுவார். மொறிஸ் என்றால் கார் என்றுதான் முதலில் நினைத்தாராம். விசயம் தெரிந்ததும் வீடு தேடி வந்தார்.

"அங்க ஊரில சனம் இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழ கிடக்குது. அத்தான் இஞ்ச காலில மணி கட்டிக்கொண்டு நிக்கிறியள்."

"நான் மணியைக் கழட்டினா அவை வீட்டுக்குப் போயிடுவினமோ? நீ மூண்டு மணித்தியாலம் பேசினியே, ஆரும் போனவையோ?"

"சரி, விடுங்கோ. வெள்ளைக்காரன் உங்களை உண்மையா ஆட விடுவானோ, இல்லைத் தண்ணிப் போத்தில் தூக்கத்தானோ?"

"வந்து பார். படம் எடுத்து உன்ர சங்க மலரில போடு."

அன்றிலிருந்து அந்தப் படம்தான் பேச்சு. மலரில் எந்தப் பக்கம், அடியில் என்ன வாசகம் என்பதையெல்லாம் அருள்நாயகமே தீர்மானித்துவிட்டார்.

ஆடும் நாளில் ஆறு பேரும் முகத்தில் கரி பூச வேண்டும். முற்காலத்தில் குளிர்நாட்களில் வேலையில்லாத கூலிகள் ஆடிப் பிச்சை எடுத்தார்களாம். பண்ணை முதலாளி அடையாளம் கண்டால் பிறகு வேலை கிடைக்காது. அதனால் கரி. பூசிய பிறகு பேசவும் கூடாது, ஒருவரின் பெயரை மற்றவர் சொல்லவும் கூடாது. அருள்நாயகம் இதைக் காண்பவர்களுக்கெல்லாம் விளக்குவார். "ஆர் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியப்படாது. அதுதான் இதின்ர உயிரே." விளக்கிய மூச்சிலேயே, "கட்டாயம் வாங்கோ, நான் ஆடுறதைப் பாக்கலாம்" என்பார்.

கடைசிப் பயிற்சியன்று எட்வேட் அவரை ஓரமாக அழைத்து, மிகுந்த மரியாதையுடன், "நீங்கள் பூசத் தேவையில்லை" என்றார். மற்ற நால்வரும் ஒரே நேரத்தில் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தார்களாம்.

"அவன் நல்ல மனசோடதான் சொன்னவன்" என்றார் அருள்நாயகம் என்னிடம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று புல்லை மிதித்துக்கொண்டிருந்தார். "ஆனா ஏன் எனக்கு மட்டும் வேண்டாம்? அஞ்சு பேர் முகத்தை மாத்துவினமாம், நான் மாத்தத் தேவையில்லையாம். அப்ப நான் ஆட வாறனோ, இல்லை உள்ளபடி வந்து நிக்க வாறனோ?" எட்வேட்டிடம் அவர் சொன்ன பதில் சுருக்கமானது: மற்றவர்களுக்கு எவ்வளவோ, தனக்கும் அவ்வளவு.

மே முதலாம் தேதி இருட்டோடு இராஜரட்ணத்தின் வான் வண்டியில் போனோம். யோகராணிக்குத் தொழிற்சாலையில் காலை வேலை. ஏரிக்கரைப் பூங்காவில் கை விறைக்கும் காற்று. சூரியன் தலை காட்டியதும் அக்கோர்டியன் அழுதது. ஆறு பேர் ஓடி வந்தார்கள். ஆறு கரிய முகங்கள், இறகு செருகி நெற்றிவரை இறங்கிய தொப்பிகள், கையுறைகள், கந்தல்கள். இதில் அருள்நாயகம் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

இராஜரட்ணத்துக்குத் தெரிந்தது. "அந்தா, கடைசியில கால் பிழைக்கிறார். வண்டி வயித்தைப் பாத்தாலே தெரியுதே. ஐயோ, தடியையும் விட்டிட்டார்." சிரித்துச் சிரித்துக் கமராவைத் திறந்தார்.

நான் கோட்டுகளைப் பார்த்தேன். நடுவில் ஆடிய ஒருவரின் கந்தல்கள் மட்டும் மடிப்புக் குலையாமல் ஒரே சீராக எழுந்து விழுந்தன. அவருக்கு ஒரு துள்ளலும் பிழைக்கவில்லை. தடி விழுத்தியவர் எட்வேட் என்று பிற்பாடு தெரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் இராஜரட்ணம் ஓடிப்போய் எட்வேட்டைக் கட்டிப்பிடித்தார். "அத்தான், பறவாயில்லை, ஆட விட்டிட்டாங்கள்! கால்தான் கொஞ்சம் பிழைச்சுப் போச்சு." எட்வேட் வழக்கம் மீறாதவர். ஒரு சொல்லும் பேசாமல், பல் தெரியத் தலையாட்டினார்.

படம் எடுக்க ஆள் வேண்டும். இராஜரட்ணம் பக்கத்தில் மடிப்புக் குலையாத கந்தல்களோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஆட்டக்காரரிடம் இரண்டு கைகளாலும் கமராவை நீட்டினார்.

"எக்ஸ்கியூஸ் மீ, சேர். வன் போட்டோ, பிளீஸ். மீ அண்ட் மை பிரதர்-இன்-லோ."

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கரிய முகம் என் பக்கம் திரும்பி, இல்லை என்று அசைந்தது.

அவர் கையுறையைக் கழற்றாமலே கமராவை வாங்கினார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணருகே வைத்தார். பிறகு கமராவைக் கொஞ்சம் இறக்கி, இருவரையும் இன்னும் நெருங்கி நிற்கும்படி கையால் காட்டினார்.