மடங்காத விரலும் என் வயலின் வகுப்பும்

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். பதினோராம் வகுப்பிலிருந்து சனிக்கிழமைதோறும் வயலின் வகுப்புக்கும் போய்வந்தேன். கல்லூரியில் சேர்ந்ததும், "படிக்கிறது கணக்கு, இது எதுக்கு?" என்று பலர் கேட்டார்கள். ஆனாலும் நான் விடவில்லை.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில், வீரபாண்டியில் அம்மா வேலை செய்யும் பனியன் கம்பெனியில் ஆள் குறைவு என்று கூப்பிட்டார்கள். நானும் அம்மாவோடு போய் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் ஊசி என் இடது கை ஆள்காட்டி விரலுக்குள் இறங்கி முறிந்தது. சீழ் பிடித்தது. இரண்டு முறை அறுத்தார்கள். விரல் விறைத்துவிட்டது.

"இனி முழுசா மடங்காதுங்க. எழுதறது வலது கைதானுங்களே, படிப்புக்குத் தொந்தரவில்லீங்க" என்றார் மருத்துவர். எல்லோரும் அதற்காக ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆனால் வயலினில் தந்தியை அழுத்துவது இந்த இடது கைதான்.

ஏழு மாதம் ஜெபித்தேன். உபவாசம் இருந்தேன். தினமும் விரலை வெந்நீரில் வைத்து மடக்கிப் பார்ப்பேன். அசையாது. என்னை வேலைக்குக் கூட்டிப்போன அம்மா, என் கையைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். ஒரு நாள் கல்லூரிப் பேருந்தில், "ஆண்டவரே, களைத்துப் போனேன். விரலைத் தராவிட்டால் இந்த ஆசையையாவது எடுத்துவிடும்" என்று கேட்டேன். அதையும் அவர் செய்யவில்லை. அன்றுதான் மிகவும் மனம் கசந்தேன்.

அந்த வாரமே என் வயலின் டீச்சர் வீட்டுக்கு வந்தார். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக இருக்கும் அக்கா அவர்.

"விரல் எப்படி இருக்குது கண்ணு?"

"மடங்கலைக்கா."

ஒரு பென்சிலை எடுத்து என் இடது கையில், வயலின் வில்லைப் பிடிப்பதுபோல் வைத்தார். விறைத்த விரல் அதன் மேல் நேராகப் படிந்தது.

"கை மாத்தி வாசிக்கலாம், இந்தக் கையில வில்லு, வலது கையில தந்தி. தந்தியெல்லாம் நான் மாத்திக் கட்டித் தர்றேன். ஆனா மொதப் பாடத்துல இருந்து வரோணும். படிச்ச நாலு வருசத்தையும் மறந்துறோணும். முடியுமா?"

"முடியாதுக்கா" என்றேன். அழுதேன்.

அடுப்படியில் நின்ற அம்மா, "முடியும்னு சொல்லுடி" என்றாள். அவளுக்காகத்தான் தலையாட்டினேன்.

ஒன்றரை வருடம் ஆகிறது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தொடக்கப் பாடங்களை வாசிக்கிறேன். சத்தம் கீச்சென்றுதான் வருகிறது. இரண்டு முறை நின்றுவிட நினைத்தேன். இடையில் செமஸ்டர் தேர்வுகளும் எழுதினேன். போன மாதம் ஆராதனையில் ஒரு சின்னப் பாட்டுக்கு வாசித்தேன். இரண்டு இடத்தில் தவறினேன். அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் இன்னும் மடங்கவில்லை. பழையபடி எப்போது வாசிப்பேன் என்றும் தெரியாது. ஆனாலும் கர்த்தர் என்னைக் கைவிடவில்லை என்று இன்று சொல்ல முடிகிறது. அவருக்கு ஸ்தோத்திரம். கேட்டதையே கேட்டு நீங்களும் ஓய்ந்துபோயிருந்தால், அந்த ஓய்ச்சலையே அவரிடம் சொல்லுங்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.