நெடுந்தீவுக்குப் போகாத பெட்டி

ஆறடிக்கு மேலே இரண்டு விரற்கடை உயரம் சூசைப்பிள்ளை. கோயில் கதவு, கலியாணக் கட்டில், அலுமாரி, கடைசியில் சவப்பெட்டி என்று ஊர்காவற்றுறைக் கரையில் அவர் கைபடாத மரம் இல்லை. ஆறு பிள்ளைகள், பதினேழு பேரப்பிள்ளைகள். ஞாயிறு பூசை முடிந்ததும் அத்தனை பேரும் அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தாக வேண்டும். வராதவன் வீட்டுக்குக் கொட்டாப்புளிச் சுத்தியலோடு அவரே போய் நிற்பார். சரியான கோபக்காரன். ஆனால் எவள் பெற்ற பிள்ளை அழுதாலும் அவர் தூக்கினால் அடங்கிவிடும். ஊரே அவரை அப்பு என்றுதான் கூப்பிட்டது.

சவப்பெட்டி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார். செத்தவரின் நீளத்துக்கு ஒரு பூவரசங்கம்பை வெட்டித்தான் அளவெடுப்பது. பெட்டி மூடும்போது அந்தக் கம்பையும் பிணத்தின் பக்கத்தில் வைத்துவிட வேண்டும்.

"எடுத்த அளவு ஆளோடை போகவேணும். போகாட்டி வேறை ஆளைத் தேடும்" என்பார்.

விசர்க்கதை என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரித்த ஒருவராவது அப்படியொரு கம்பைத் தன் வீட்டில் வைத்திருந்தாரா என்று கேளுங்கள்.

முப்பத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் வள்ளக்காரன் அப்புத்துரை ஒரு அளவுக்கம்போடு வந்தான். நெடுந்தீவில் கலியாணமாகாத குமர்ப்பிள்ளை ஒருத்தி செத்துப்போனாளாம். அன்று பின்னேரமே பெட்டி ஆயத்தம். கடல்தான் விடவில்லை. மூன்று நாள் வாடைக்காற்று பேயாட்டம் ஆடியது. நாலாம் நாள் செய்தி வந்தது: பொறுத்திருக்க ஏலாமல் அவளைப் பாயில் சுற்றிப் புதைத்துவிட்டார்கள். பெட்டியும் கம்பும் அப்புவின் தச்சுக்கொட்டிலிலேயே கிடந்தன.

ஐந்தாம் நாள் அப்புவின் கடைக்குட்டி மகள் அருளம்மாவுக்குக் காய்ச்சல். பத்தொன்பது வயது. தாய் கண்மூடிய பிறகு அந்த வீட்டுக் குசினியே அவள் கையில்தான் இருந்தது. நாளைக்கு எழும்பிவிடுவேன் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு கிழமை கிடந்தாள். பரியாரியார் நாடி பிடித்துவிட்டு, அப்புவின் முகத்தைப் பாராமலே படலையைத் தாண்டிப் போனார்.

ஒரு மத்தியானம், மயங்கிக் கிடந்தவளின் உடம்போடு ஏதோ உரசியது. மரம். உச்சந்தலையில் தொடங்கி, விலாவோரமாக இறங்கி, குதிக்காலில் வந்து நின்றது. ஒரு நெல்லளவு கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்புவின் மூச்சு அவள் காதுக்கு மேலே நடுங்கிக்கொண்டிருந்தது. மாதாவே! கண்ணைத் திறக்கப் பயந்து இமைக்கிடையால் பார்த்தாள். வெட்டி இருபது நாளான அந்தக் கம்பின் நுனியில் பச்சையாக ஒரு துளிர் விட்டிருந்தது.

மறுநாள் காலை கொட்டில் பக்கம் மூத்தவன் எமிலியாம்பிள்ளை கத்துவது அவளுக்குப் படுக்கையில் கேட்டது.

"என்ன விசர் வேலை அப்பு? எழும்பி வெளியிலை வாங்கோ!"

அப்பு பெட்டிக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தார், முழங்கால் நெஞ்சில் முட்ட.

"அளவு சரி. இது என்ரை பெட்டி. கேட்டியளோ? என்ரை!"

அங்கே நின்றது மகன் ஒருவன். அவனுக்கு ஏன் பன்மையில் 'கேட்டியளோ'? அவர் சொல்லி வாய் மூட, பலகை ஒருதரம் மடாரென்று சத்தம் போட்டது. எமிலியாம்பிள்ளை பேயறைந்தவன் மாதிரித் திரும்பி வந்தான்.

அன்று பொழுதுபட அருளம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் கஞ்சி கேட்டாள்.

அதற்குப் பிறகு படுக்காமல் விட்டவர் அப்புதான். இரவும் பகலும் கதிரையில் குந்தி, கால்களையும் மேலே தூக்கி வைத்து, முழங்காலைக் கட்டிப்பிடித்தபடி இருப்பு. இடுப்பில் நாரி பிடித்தது, பாதம் வீங்கியது. அருளம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கெஞ்சினாள்.

"கட்டிலிலை நீட்டி நிமிர்ந்து படுங்கோவன் அப்பு."

"ஏலாது பிள்ளை. எனக்கு இதுதான் வசதி."

அழுதாள், ஏசினாள், சோறு வைக்கமாட்டேன் என்று வெருட்டியும் பார்த்தாள். மனிசன் அசைந்தால்தானே!

ஒன்பதாம் நாள் விடிய அவள் கோப்பி கொண்டுபோனபோது அப்பு குளிர்ந்துபோயிருந்தார். கைகள் முழங்காலைக் கட்டியபடியே இருந்தன. மகன்மார் காலை நீட்டப் பார்த்தார்கள். மரம்போல விறைத்துவிட்டது, ஏலவில்லை.

"பெரிய பெட்டியொண்டு அடிப்பம்" என்றான் எமிலியாம்பிள்ளை. "ஆறடி மனிசனை அந்தக் குமரின்ரை பெட்டிக்குள்ளை சுருட்டி வைக்கிறதோ? ஊர் காறித் துப்பும்."

அவர் ஏன் படுக்கவில்லை என்று அப்போதுதான் அருளம்மாவுக்கு விளங்கியது.

"அதுக்குள்ளைதான் வைக்கவேணும் அண்ணை."

"உனக்கென்னடி தெரியும்?"

"அந்தக் கம்பாலை அப்பு என்னை அளந்தவர்."

எமிலியாம்பிள்ளை தங்கச்சியை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தான். பிறகு கொட்டிலுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தான். ஒருக்களித்து வைத்தார்கள். அப்பு எந்தப் பக்கமும் முட்டவில்லை. முதுகோடு சேர்த்துக் கம்பை அருளம்மாவே வைத்தாள். ஆணி அடித்து முடியும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அப்பு செய்தது வீணாகக்கூடாது என்று அந்தப் பெட்டியைக் கேட்டாளா, தன் உயிருக்குப் பயந்து கேட்டாளா என்பது மட்டும் கடைசிவரைக்கும் அவளுக்கே தெரியவில்லை.